காணாமல் போன, சுரண்டலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான அரசு நிதி: எங்கே இருக்கிறது, எப்படிப் பெறுவது

காணாமல் போன பிள்ளை கிடைத்துவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்றே பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. அந்தப் பிள்ளை இடைப்பட்ட காலத்தில் வேலை வாங்கப்பட்டிருக்கலாம், அடிக்கப்பட்டிருக்கலாம், பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கலாம். திரும்பி வந்த வீட்டில், அது புறப்பட்டுப் போனபோது இருந்த அதே கடனும் அதே பசியும் காத்திருக்கலாம். இந்த நிலைக்கென்று இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் பல தலைப்புகளில் பணம் ஒதுக்கியிருக்கின்றன. ஆனால் அந்தப் பணம் ஒரே அலுவலகத்தில் இல்லை, ஒரே மனுவில் கிடைப்பதும் இல்லை. முதல் தகவல் அறிக்கை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை, கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ், சிறப்பு நீதிமன்றத்தின் ஆணை ஆகிய நான்கு தாள்களில் எது கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த நிதி திறக்கும் என்பது முடிவாகிறது. எனவே இந்த வழிகாட்டி, அந்தத் தாள்கள் எழுதப்படும் வரிசையிலேயே செல்கிறது. பெற்றோர், ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர், தன்னார்வலர் என யார் வேண்டுமானாலும் இதைப் பின்பற்றலாம்.

பணம் வரும் வழி

முதன்மையான திட்டம் மிஷன் வாத்சல்யா. 2009-ல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடே இப்போது இந்தப் பெயரில் நடக்கிறது. 2024-25 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு 1,472 கோடி ரூபாயும், 2025-26-ல் 1,500 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலை மாநிலங்களிலும் இந்தப் பங்கு 90-க்கு 10. மாவட்டத்தில் இதைக் கையாள்வது, பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதன் அருகிலோ இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. முகவரி தெரியாவிட்டால் 1098-ஐ அழைத்துக் கேட்கலாம். நாள் முழுதும் இயங்கும் இந்த இலவச எண்ணைப் பல்லாண்டுகள் தனி நிறுவனம் ஒன்று நடத்தியது. 2023 முதல் அரசே ஏற்று, 112 அவசர எண்ணுடன் இணைத்து நடத்துகிறது.

இதற்கு வெளியே இன்னும் நான்கு ஊற்றுகள் உள்ளன: குழந்தைகளின் பராமரிப்பையும் பாதுகாப்பையும் வகுக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி மாநில அரசு உருவாக்கும் நிதியம், கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டம், குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதியம், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக வழங்கப்படும் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு. ஒரே குழந்தை ஒன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு உரியதாக இருக்கலாம். ‘ஒன்று வாங்கியாயிற்று, மற்றது கிடையாது’ என்று யாராவது சொன்னால், எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

முதல் படி: முதல் தகவல் அறிக்கை

பிள்ளை காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போனால், பல நேரங்களில் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் கொடுக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. வழக்குப் பதிவுக்கான சான்று அன்று. 2013 மே 10 அன்று, பச்பன் பச்சாவ் ஆந்தோலன் என்ற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில், குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தாலே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்பட வேண்டும் என்றும், மாறாக நிறுவப்படும் வரை அது கடத்தலாகவே கருதப்பட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘ஒரு நாள் பார்க்கலாம், தானாக வந்துவிடுவான்’ என்ற பேச்சுக்கு இந்த உத்தரவுக்குப் பின் இடமில்லை. பெண் குழந்தை என்றால் ‘யாருடனாவது போயிருப்பாள்’ என்ற பேச்சும் வரும்; பதினெட்டு வயது நிரம்பாதவள் என்றால் அதற்கும் சட்டத்தில் இடமில்லை.

எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அறிக்கையின் நகல் கட்டணமின்றி உங்களுக்குத் தரப்பட வேண்டும். நிலைய அதிகாரி மறுத்தால், அதே புகாரை எழுத்து வடிவில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இளைஞர் நீதி மாதிரி விதிகள் 2016-இன் 92-ஆம் விதி, இந்த அறிக்கையின் நகலையும் பெற்றோரின் தொடர்பு விவரங்களையும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் பொறுப்பைக் காவல் துறையிடம் ஒப்படைக்கிறது. பெற்றோருக்கு இது பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை. பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது அதே ஆணைக்குழுவிடம்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், நகல் போய்ச் சேர்ந்ததா என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது. நான்கு மாதங்களுக்குள் குழந்தை கண்டுபிடிக்கப்படாவிட்டால், விசாரணை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அடுத்த நாளே மனு கொடுங்கள்.

இரண்டாம் படி: குழந்தைகள் நலக் குழுவின் முன்

குழந்தை மீட்கப்பட்டதும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். தலைவர் ஒருவரும் உறுப்பினர்கள் நால்வரும் கொண்ட இந்தக் குழுவுக்கு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு.

பல குடும்பங்கள் தவறு செய்யும் இடம் இதுதான். ரயில் நிலையத்திலோ பட்டறையிலோ பிள்ளை கிடைத்த மகிழ்ச்சியில், ‘குழு, விசாரணை என்று எதற்கு அலைச்சல்’ என்று நேரே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். காவல் துறைக்கும் வேலை குறைகிறது, யாரும் தடுப்பதில்லை. ஆனால் குழுவின் ஆணை இல்லாத குழந்தை, அரசின் ஏட்டில் ‘பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை’யாக ஆவதே இல்லை. நிதி ஆதரவுக்கு மனு செய்யும்போதும், பயணச் செலவு கேட்கும்போதும், மனநல ஆலோசனைக்கும் அந்த ஆணையைத்தான் முதலில் கேட்பார்கள். குழந்தை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. பெற்றோரே குழந்தையுடன் குழுவின் முன் சென்று நடந்ததைச் சொல்லி ஆணை கேட்கலாம்.

குழுவின் முன் நிற்கும்போது மூன்று செய்திகள் ஆணையில் எழுதப்படுமாறு பாருங்கள். குழந்தை எங்கே, எந்த நிலையில், யாரிடமிருந்து மீட்கப்பட்டது என்பது ஒன்று. வீட்டுக்குத் திரும்பும் பயணத்துக்கும் அழைத்துச் செல்பவருக்கும் ஆகும் செலவை மாவட்ட அலகு ஏற்க வேண்டும் என்பது இரண்டாவது. குடும்பத்தின் வருமான நிலையைக் குறிப்பிட்டு நிதி ஆதரவுக்குப் பரிந்துரைப்பது மூன்றாவது. வாயால் சொன்ன பரிந்துரைக்கு அலகில் மதிப்பில்லை. ஆணையின் நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். அதற்காகச் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வரும்போது, மானம் கருதிக் கடனையும் வறுமையையும் மறைத்துப் பேசினால், அவர் எழுதும் அறிக்கையே உங்கள் மனுவுக்கு எதிராக நிற்கும்.

குழு ஒத்துழைக்காவிட்டால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மாவட்ட ஆட்சியரையே குறைதீர்க்கும் அதிகாரியாக ஆக்கியிருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால், மனு வேறு துறைக்குத் தள்ளப்படுவது குறையும்.

மூன்றாம் படி: மாதந்தோறும் 4,000 ரூபாய்

அலுவலகங்களில் ஸ்பான்சர்ஷிப் என்றும் நிதி ஆதரவு என்றும் சொல்லப்படுவது, குழந்தை குடும்பத்தோடு இருந்து படிப்பதற்காக மிஷன் வாத்சல்யாவின் கீழ் மாதம் 4,000 ரூபாய் வழங்கும் உதவி. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மட்டுமே இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சில அலுவலகங்களிலும் அப்படியே சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளோ கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அநாதைக் குழந்தைகள், கொடிய நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோருடன், காணாமல் போன அல்லது வீட்டை விட்டு ஓடிய குழந்தை, ஆள்கடத்தலுக்கு உள்ளான குழந்தை, குழந்தைத் தொழிலாளர், பிச்சையெடுக்க வைக்கப்பட்ட குழந்தை, குழந்தைத் திருமணத்துக்கு ஆளான குழந்தை, வன்கொடுமைக்கோ சுரண்டலுக்கோ உள்ளான குழந்தை என எல்லோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. மனுவின் முதல் வரியிலேயே இந்த வகைகளில் எதில் உங்கள் குழந்தை வருகிறது என்று எழுதிவிடுங்கள்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஊரகப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும் மற்றப் பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, கணக்குப் பார்க்காமல் ஒரு தொகையைப் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு அது வரம்பைத் தாண்டியதால் மனு தள்ளுபடியாகும் நிலை வரக்கூடாது. உண்மையான வருமானத்தை, பருவ வேலை இல்லாத மாதங்களையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

குழந்தையின் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, தற்போது படிப்பதற்கான தலைமையாசிரியர் சான்று, குழந்தையின் பெயரில் காப்பாளருடன் சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கு, குழுவின் ஆணை ஆகியவற்றை இணைத்து மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். முடிவு செய்வது அலுவலர் அல்ல, மாவட்ட அளவிலான ஒப்புதல் குழு. அந்தக் குழு எப்போது கூடுகிறது என்பதை அலுவலரிடம் கேட்டு, கூட்டத்துக்கு முன்பே கோப்பு முழுமையாகிவிட்டதா என்று பாருங்கள். ஒரு சான்று குறைந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க நேரும்.

இந்த உதவிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பிள்ளை முப்பது நாட்களுக்கு மேல் பள்ளிக்குப் போகாவிட்டால் உதவி நிறுத்தப்படலாம். மீட்கப்பட்ட பிள்ளைக்கு மறுபடி வகுப்பறையில் உட்காருவது எளிதன்று. இரண்டு ஆண்டுகள் தறிக்கூடத்தில் இருந்தவன் தன்னைவிடச் சிறியவர்களுடன் உட்காரக் கூசுவான். உடல்நலமோ மனநலமோ காரணமாக இருந்தால் மருத்துவரின் சான்றைத் தலைமையாசிரியரிடமும் அலகிடமும் உடனே கொடுத்துவிடுங்கள். வேலையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்குத் தனியே நடந்துவந்த சிறப்புப் பயிற்சி மையங்கள் 2021 முதல் பள்ளிக்கல்வித் துறையின் சமக்ர சிக்ஷா திட்டத்துடன் இணைக்கப்பட்டுவிட்டன. ஆகவே வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்பதே சரியான வழி.

நான்காம் படி: முன்பணம் கைமாறியிருந்தால் விடுதலைச் சான்றிதழ்

மதுரை, தேனிப் பக்கத்துச் சிறுவர்கள் வட மாநிலங்களின் முறுக்குப் பட்டறைகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டதும், டெல்டா மாவட்டங்களில் பிள்ளைகள் ஆடு, வாத்து மேய்க்க விடப்பட்டதும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்தவை. இவற்றில் பொதுவாக இருப்பது, பெற்றோரிடம் கொடுக்கப்பட்ட முன்பணம். முன்பணத்துக்கு ஈடாகக் கூலியின்றியோ குறைந்த கூலிக்கோ வேலை வாங்கப்பட்டு, விலகிப் போக விடாமல் தடுக்கப்பட்டிருந்தால், அது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன் கீழ் குற்றம். கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடன் கொடுத்தவர் மீதே சுமத்துகிறது. முன்பணம் வாங்கிய குற்ற உணர்வில் பெற்றோர் வாய் திறக்காமல் இருப்பதால்தான் பல வழக்குகள் வெறும் குழந்தைத் தொழிலாளர் வழக்குகளாகச் சுருங்கிவிடுகின்றன. அந்தக் கடன் சட்டப்படி அழிந்துவிடுகிறது, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும்.

கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தருவார். அது கையில் வந்ததும் திறக்கும் தொகைகள் பெரியவை. 2016-ஆம் ஆண்டுத் திட்டம் 2022-ல் திருத்தப்பட்ட பின், உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்ததா என்று பார்க்காமலேயே இது தரப்பட வேண்டும். மறுவாழ்வுத் தொகை வளர்ந்த ஆணுக்கு ஒரு லட்சம். பெண்களுக்கும், பிச்சையெடுக்கும் கும்பல்கள் போன்றவற்றிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம். பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். முழுச் செலவும் மத்திய அரசுடையது. மாநிலத்தின் பங்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உடனடி உதவி தாமதமாகக் கூடாது என்பதற்காகவே ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியரின் கையில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் கொண்ட நிரந்தர நிதியம் இருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. ‘டெல்லியிலிருந்து பணம் வரவில்லை’ என்ற பதில் இந்த 30,000 ரூபாய்க்குப் பொருந்தாது. மறுவாழ்வுத் தொகையின் இறுதி வழங்கல் வழக்கின் போக்கோடு இணைக்கப்பட்டிருப்பதால் ஆண்டுகள் ஆகலாம். என் கருத்தில் இத்திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுவே.

வேறு மாநிலத்தில் மீட்கப்பட்டால், பேருந்து ஏறும் முன்பே அந்த மாவட்ட அதிகாரியிடம் சான்றிதழை வாங்கிவிட வேண்டும். ஊர் திரும்பிய பின் கேட்டுப் பெறுவது பல மடங்கு கடினம்.

ஐந்தாம் படி: முன்பணம் இல்லாத குழந்தைத் தொழில்

குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதியத்தின் வேர் சிவகாசியில் இருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் வேலை செய்த பிள்ளைகள் தொடர்பாக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி செலுத்த வேண்டும் என்றும், குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும் அல்லது 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி, இப்போது 20,000 முதல் 50,000 ரூபாய் வரையிலான அபராதத் தொகை மறுவாழ்வு நிதியத்தில் சேர்க்கப்படுகிறது. அப்படி அபராதம் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் அரசு 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும். வழக்கு நடந்தால்தான் அபராதம், அபராதம் விதிக்கப்பட்டால்தான் இந்த 15,000 என்பதால், தொழிலாளர் உதவி ஆய்வாளர் வழக்குத் தொடுத்தாரா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழாவது கேட்டறிவது தேவை.

ஆறாம் படி: போக்சோ வழக்கில் உடனடி உதவியும் இழப்பீடும்

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. போக்சோ விதிகள் 2020-இன் 8-ஆம் விதிப்படி, உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும். தொகை சட்டப் பணிகள் ஆணைக்குழு, மாவட்ட அலகு, 105-ஆம் பிரிவு நிதியம் ஆகியவற்றில் ஒன்றிலிருந்து வரலாம். இது நீதிமன்றத்துக்குப் போகாமலே கிடைக்கும் பணம், கேட்பவர்கள் குறைவு.

9-ஆம் விதிப்படி சிறப்பு நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கை பதிவானதும் எந்த நிலையிலும் இடைக்கால இழப்பீடு தரலாம். குற்றவாளி தண்டிக்கப்பட்டால்தான் இழப்பீடு என்பதில்லை. அவர் விடுதலை செய்யப்பட்டாலும், யாரென்றே தெரியாமல் போனாலும், குழந்தை பாதிக்கப்பட்டது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு வழங்கலாம். ஆணை கிடைத்த 30 நாட்களுக்குள் மாநில அரசு தொகையைச் செலுத்த வேண்டும். நீதிமன்றமே தானாகத் தரலாம் என்றாலும், மனு இல்லாமல் காத்திருப்பது சரியன்று. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையாகாது: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், வருமானம் பாராமல் குழந்தைகளுக்கு இலவச வழக்கறிஞரைத் தருகிறது, 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

வன்கொடுமையால் கருவுற்று, குடும்பத்தின் ஆதரவு இல்லாமல் நிற்கும் சிறுமியருக்கென, பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியிலிருந்து 74.10 கோடி ரூபாயில் 2023-ல் ஒரு தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தங்குமிடம், மருத்துவம், படிப்பு, சட்ட உதவி ஆகியவற்றை இது தருகிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் கையில் இல்லை என்பதற்காக அந்தச் சிறுமிக்கு உதவி மறுக்கப்படக்கூடாது என்பதே இதன் சிறப்பு. பதிவு செய்ய வைப்பது அதிகாரிகளின் பொறுப்பு.

இங்கே பணத்தோடு தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு வேலையும் உண்டு. பிள்ளையைத் தேடியபோது வாட்ஸ்ஆப்பில் பரப்பிய படத்தையும் பெயரையும், கிடைத்ததும் எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகின்றன. உதவித்தொகைக் காசோலையை மேடையில் வைத்துக் கொடுத்துப் படம் எடுக்க யாராவது விரும்பினால், பெற்றோர் மறுக்கலாம். மறுத்ததற்காகத் தொகையை நிறுத்த முடியாது.

இல்லம் நடத்தும் அமைப்புகளுக்கு

அரசு மானியம் கேட்கும் முன் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். கருத்துரு மாவட்டத்திலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து டெல்லியின் ஒப்புதல் வாரியத்துக்கும் செல்கிறது. ஒரு குழந்தைக்கு மாதப் பராமரிப்பு 3,000 ரூபாய். தவணைகள் தாமதமாகும் என்பதை எதிர்பார்த்து, சில மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பயன்பாட்டுச் சான்றைக் காலத்தே அனுப்பாத அமைப்புக்கு அடுத்த தவணை வராது.

பதினெட்டு வயது நெருங்கும்போது

இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் பராமரிப்பு நின்றுவிடுவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவின் கீழ் வரும் பிற்காப்பு உதவி, 21 வயது வரையிலும், தேவைப்பட்டால் 23 வரையிலும் நீட்டிக்கப்படலாம்; அதற்கும் மாதம் 4,000 ரூபாய். வீட்டில் நிதி ஆதரவு பெற்ற பிள்ளைக்கு இது பொருந்தாது என்பதால், அந்தக் குடும்பம் பதினேழாம் வயதிலேயே கல்லூரி உதவித்தொகைக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும். இல்லத்துப் பிள்ளைக்கு, தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் பிற்காப்பு குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அதே பதினேழாம் வயதில் குழுவிடம் கேட்டு, இல்லையெனில் எழுதச் செய்ய வேண்டும்.